களிமண்ணில் ஒரு ஸ்லோப்

மக்களே, முதல்ல இந்த எண்களை மேலேர்ந்து கீழே ஒரு தடவை பாருங்க. நம்ம பஞ்சாங்க வழக்கப்படி பாகை - கலை - விகலை. (60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை.)

28 - 55 - 57
28 - 37 - 57
28 - 19 - 57
28 - 19 - 21
28 - 37 - 21
28 - 55 - 21

இது கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், இன்றைய இராக் இருக்கும் இடத்தில், ஈரக் களிமண்ணில் ஆப்பெழுத்தில் குத்தி வைத்த பட்டியல். வரிக்கு ஒரு மாசம். ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் நடுவில் சூரியன் எவ்வளவு நகருது என்பதுதான் எண். (கடைசி இலக்கத்தை இடம் கருதி வெட்டிட்டேன்.)

பக்கத்துப் பக்கத்து வரிகளைக் கழிச்சுப் பாருங்க. 18 கலை இறங்குது, மறுபடி 18 இறங்குது. கடைசியில் 18 ஏறுது, 18 ஏறுது. ஸ்லோப் மைனஸ் 18, அப்புறம் பிளஸ் 18. ரெண்டு நேர்கோடு. சரி, நடுவுல மட்டும் ஏன் வெறும் 36 விகலை?

கணக்கு எழுதினவர் தூங்கிட்டாரா? இல்லை! திருப்பம் ஒரு வரியில் வராமல் ரெண்டு வரிக்கு நடுவுல வந்திருக்கு. கம்ப்யூட்டர் திரையில் பந்தை எகிற வைக்க புரோகிராம் எழுதினவங்களுக்கு இது உடனே புரியும். தரையைத் தாண்டிப் போற மிச்ச தூரத்தை அப்படியே மேல்நோக்கித் திருப்பி விடணும். இங்கேயும் 9 கலை 18 விகலை இறங்கி, தரையைத் தொட்டு, மிச்சம் 8 கலை 42 விகலை ஏறியிருக்கு. கூட்டினா அதே 18.

ஆனா அந்தத் தரை எங்கே? பட்டியலில் அந்த எண்ணே கிடையாது. நாமளே கண்டுபிடிக்கலாம். நடு வரிகள் ரெண்டையும் கூட்டி, 18 கலையைக் கழிச்சு, பாதியாக்குங்க. 28 - 10 - 39 வரும். இதே மாதிரி உச்சியில் 30 - 1 - 59.

இப்போ நிஜமான விஷயத்துக்கு வருவோம். உச்சிக்கும் தரைக்கும் வித்தியாசம் 1 - 51 - 20. போய்த் திரும்ப அதில் ரெண்டு மடங்கு. அதை 18 கலையால் வகுத்தா 12.37 சொச்சம். ஒரு வருஷத்துக்கு எத்தனை சந்திர மாசம் என்பதுதான் அது! அதை எங்கேயும் எழுதி வைக்காமல், ஒரு ஸ்லோப்புக்கும் ரெண்டு எல்லைக்கும் நடுவில் ஒளிச்சு வச்சிருக்காங்க. சூரியனின் வேகம் உண்மையில் வளைகோடாகத்தான் மாறும். அதை நேர்கோட்டுத் துண்டுகளால் பிடிச்சதுதான் அவங்க சாமர்த்தியம்.

இதை நமக்குத் திரும்ப எடுத்துத் தந்தவங்க மூணு சேசு சபைப் பாதிரியார்கள். ஸ்ட்ராஸ்மையர் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து பலகைகளைப் பார்த்து எழுதி அனுப்பினார். எப்பிங் வானியல் கணக்கு என்று கண்டுபிடிச்சு 1889-ல் புத்தகம் போட்டார். அவருக்குப் பின் வந்த குக்லர் 1900-ல் நிலாக் கணக்கையே பிரிச்சு மேய்ஞ்சுட்டார். பின்னாடி 1955-ல் நாய்கெபாயர் இத்தகைய பலகைகளை மூணு தொகுதியாகப் பதிப்பித்தார்.

அதே நாய்கெபாயர் 1952-ல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பு 'தமிழ் வானியல்'. ஜான் வாரன் என்பவர் 1825-ல் சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலித' நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருத்தர் சந்திர கிரகணம் கணிச்ச விதத்தைப் பதிவு செய்திருக்கார். பேப்பர் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழி, தலைக்குள் பட்டியல். கிரகணம் ஆரம்பிக்கற நேரத்தில் வந்த பிழை 4 நிமிஷம்தான் (முடிவில் 52 நிமிஷம், அதையும் சொல்லிடணும்).

நம்ம வாக்கிய முறையில் சந்திரனுக்கு நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். பாபிலோன் பலகையிலும் சந்திர வேகத்துக்கு அதே 248 நாள் சுற்று. வாக்கியங்கள் நேர்கோட்டுக் கணக்கு இல்லை, நிஜம்தான். ஆனாலும் அந்த 248-தான் நாய்கெபாயரை நிமிர்ந்து உட்கார வச்சது.

அந்தப் புதுச்சேரிக்காரருக்குத் தியரி ஒண்ணும் தெரியாது என்பது வாரனின் கணிப்பு. இருக்கட்டுமே. எனக்கு ஸ்லோப் என்பது பள்ளியில் y = mx + c என்று மனப்பாடமாத்தான் வந்தது. எண்களை வரிசையாக வச்சு, கழிச்சு, எங்கே உடையுதுன்னு பார்க்க யாரும் சொல்லித் தரலை. பலகை களிமண் என்பதால் 2000 வருஷம் தாங்கிச்சு. தலைக்குள் இருந்த பட்டியல் ஆளோட போயிடும்.

உங்க ஊரில் சோழி வச்சு கிரகணம் கணிச்சவங்களைப் பார்த்தவங்க வீட்டில் யாராவது இருந்தா கேட்டுட்டு வந்து பின்னூட்டத்தில் எழுதுங்க, ப்ளீஸ். :-)