மலை ஏற ஒரு டயர், சமதரைக்கு ஒரு டயர்: பந்தயக் காருக்குச் சில்லு தெரிவு செய்வது எப்படி?

ஏப்ரல் நெருங்கினால் கினிகத்தேனைச் சந்தியில் நிற்பதே ஒரு பொழுதுபோக்கு. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ7 வீதியில் பந்தயக் கார்கள் மேலேறும். சில லொறியில் கட்டப்பட்டு வரும், சில தாமாகவே ஓடி வரும். 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்குப் போகிறவை அவை. சின்ன வயதில் நான் பார்த்தது சத்தத்தை. இப்போது பார்ப்பது டயரை மட்டும்தான்.

அதற்குக் காரணம் உண்டு. இருபதுகளில் என் காருக்கு 225 அகல டயர் போட்டேன். ரிம் 6 அங்குலம். அகலம் கூடினால் பிடிமானம் கூடும் என்று நம்பிய காலம். கித்துல்கல பக்கம் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், கார் திரும்பவில்லை. மலைப்பக்கத்துக் கானுக்குள் விழுந்ததால் இன்று இதை எழுதுகிறேன். மறுபக்கம் பள்ளம்.

இப்போது அக்கா மகன் ஒரு பழைய ஹொண்டா சிவிக்கை வைத்துக்கொண்டு, "மாமா, 17 அங்குல ரிம் போட்டால் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கும் எழுதுகிறேன்.

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்கள். அவன் காரில் இருப்பது 195/55 ஆர் 15. 195 என்பது மில்லிமீற்றரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை வீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக முழு விட்டம் 381 உடன் இரண்டு பக்கச்சுவர்கள் 214.5ஐக் கூட்ட, 595.5 மில்லிமீற்றர். இந்தக் கணக்கைக் கைபேசியிலேயே போடலாம். எந்த டயர் வாங்கினாலும் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள்.

அவன் கேட்ட 17 அங்குலத்தில் 205/40 போட்டால் விட்டம் 595.8. பழையதும் புதியதும் ஒன்றுதான். அப்படியானால் என்ன கிடைத்தது? பக்கச்சுவர் 107 மில்லிமீற்றரிலிருந்து 82க்கு இறங்கியது, ஸ்டியரிங் கொஞ்சம் கூர்மையாகும். பதிலுக்கு, பெரிய ரிம் பெரும்பாலும் பாரம் கூடியது. அந்தப் பாரம் சில்லோடு சேர்ந்து சுழல்கிறது. அதைச் சுழற்றவும் நிறுத்தவும் எஞ்சினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். குழிக்குள் இறங்கினால் ரிம் வளையும் பயமும் சேர்ந்துவிடும். பிரேக் கலிப்பருக்கு இடம் விடக்கூடிய மிகச் சிறிய ரிம்மே பந்தயத்துக்குப் போதும் என்பது என் கட்சி. பழைய மினி கார்கள் 10 அங்குலச் சில்லில்தானே பெரிய கார்களைத் தோற்கடித்தன!

அதே காருக்கு 205/50 ஆர் 15 போட்டால் விட்டம் 586. முன்னதைவிட 1.6 வீதம் குறைவு. இது கியர் விகிதத்தை 1.6 வீதம் குறுக்கியதற்குச் சமம், மலையேற்றத்தில் புறப்படும் இழுவைக்கு உதவும். ஸ்பீடோமீற்றர் மட்டும் உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும். இந்த டயருக்கு ஏற்ற ரிம் அகலம் 5.5 முதல் 7.5 அங்குலம் வரை, நடுவில் 6.5 சிறந்தது. நான் போட்ட 225/45க்கு 7 முதல் 8.5 தேவை. 6 அங்குல ரிம்மில் அதன் தோள் பிதுங்கி, வளைவில் பக்கச்சுவர் மடிந்தது. அகலமான டயர் மழைநீரின் மேல் எளிதாக மிதக்கும் என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. எங்கள் ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் உள்ள வட்டவளையும் நாங்களும் நாட்டிலேயே அதிகம் நனைகிற ஊர்கள்.

இனி இடம். மஹகஸ்தோட்டயில் ஓட்டம் ஒரு நிமிடத்தைத் தொடுவதற்குள் முடிந்துவிடும். நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, காலையில் குளிர். டயர் சூடாகவே நேரமில்லை. அங்கே மிக அகலமான, சூட்டில் மட்டும் வேலை செய்கிற டயரைப் போடுவது வீண்செலவு. மென்மையான ரப்பர், அளவான அகலம் போதும். களுத்துறை மாவட்டத்துக் கட்டுக்குருந்த ஓடுபாதையோ சமதரை, வெயில், சுற்றுக்குமேல் சுற்று. அங்கே டயர் சூடாகிக் கரையும். சூட்டைத் தாங்க அகலமும் கொஞ்சம் கடினமான ரப்பரும் கைகொடுக்கும். ஒரே கார், இரண்டு விடை.

காற்றழுத்தத்தில் ஒரு வேடிக்கை. கடலோரத்தில் 30 பாகை வெயிலில் 32 பீஎஸ்ஐ அடித்துக்கொண்டு நுவரெலியா போனால், குளிரால் ஏறத்தாழ 3 குறைய வேண்டும். ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ 3 குறைவு. ஆகவே காலை 10 பாகையில் மீற்றர் பழைய எண்ணையே காட்டும். மதியம் 20 பாகைக்கு ஏறினால் ஒன்றரை கூடிவிடும். ஆகவே ஓடப்போகும் இடத்தில், ஓடப்போகும் நேரத்தில் அளவெடுங்கள்.

ரிம் வாங்கும்போது பலர் மறப்பது ஓஃப்செட். ஓஃப்செட்டை மாற்றாமல் 6 அங்குலத்திலிருந்து 7க்குப் போனால், ரிம் உள்ளே 12.7 மில்லிமீற்றரும் வெளியே அதே அளவும் நீளும். உள்ளே ஷொக் அப்சோபரில் உரசுகிறதா, வெளியே மட்காட்டில் உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஓஃப்செட் எண் குறைந்தால் சில்லு வெளியே தள்ளும், ஸ்டியரிங் கையில் உதைக்கும். சிவிக்கின் ஹப் துளை 56.1 மில்லிமீற்றர். ரிம்மின் துளை அதைவிடப் பெரிதென்றால் நடுவில் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் நடுங்கும்.

லான்சர் எவலூஷன் போன்ற நான்கு சில்லும் இழுக்கும் கார்களில் முன்னும் பின்னும் விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். பாதி தேய்ந்த இரண்டும் புதியது இரண்டும் போட்டு டிஃபரென்ஷியலைக் கெடுத்தவர்கள் உண்டு.

பாவித்த ஜப்பான் டயர் வாங்குவோர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ரீபில்ட் டயரைப் பந்தயத்துக்கு நினைக்கவே வேண்டாம். போட்டி வகுப்புக்கு வகுப்பு டயர் விதி மாறும் என்பதால், காசு கொடுக்கும் முன் அந்த ஆண்டின் விதிகளை வாங்கிப் படிப்பதும் அவசியம்.

மருமகன் கடைசியில் 17ஐ விட்டுவிட்டான். 6.5 அங்குல ரிம், 205/50 ஆர் 15, மென்மையான ரப்பர். நுவரெலியா வரை பழைய 195இலேயே ஏறி, அங்கே கழற்றி மாட்டுவது ஏற்பாடு. நட்டை 108 நியூட்டன் மீற்றருக்கு முறுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் திரும்ப ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். டோர்க் ரென்ச் என்னுடையது, திருப்பித் தர வேண்டும்.