வீட்டை விற்கப் போறீங்களா? எதைச் சரிசெய்யலாம், எதை விட்டுவிடலாம்?

"வீட்டைக் கொஞ்சம் புதுசாக்கிட்டா நல்ல விலை போகும்."

வீவக வீட்டை விற்க நினைப்போர் பலர் முதலில் சொல்வது இதுதான். ஆனால் செலவழித்த பணம் விற்பனை விலையில் அப்படியே திரும்பி வருமா?

பெரும்பாலும் வராது.

ஏன்?

மறுவிற்பனை வீட்டுக்கு இரு தரப்பும் விலை பேசி முடித்த பிறகே வீவகவிடம் அதன் மதிப்பைக் கேட்கமுடியும். 2014ஆம் ஆண்டு மார்ச்சிலிருந்து இதுதான் நடைமுறை.

விலை 620,000 வெள்ளி, மதிப்பு 600,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மீதி 20,000 வெள்ளியை வாங்குபவர் ரொக்கமாகத்தான் கொடுக்கவேண்டும். வீட்டுக் கடன், மத்திய சேமநிதி இரண்டும் அதற்கு உதவாது.

வீடு இருக்கும் இடம், பரப்பளவு, மாடி, எஞ்சியுள்ள குத்தகைக் காலம், அக்கம்பக்கத்து வீடுகள் அண்மையில் விற்ற விலை ஆகியவைதான் மதிப்பைப் பெரிதும் முடிவுசெய்கின்றன. வீட்டின் நிலையும் பார்க்கப்படும். ஆனால் நீங்கள் ஆசையாகப் போட்ட சமையலறை அலமாரிக்கு அதில் பெரிய பங்கில்லை. புது உரிமையாளர் அதைப் பிடுங்கிப் போட்டுவிடவும் கூடும்!

அப்போ எதைத்தான் செய்வது?

முதலில் கசிவு. கூரையில் ஈரக்கறையைப் பார்த்ததுமே வாங்க வருபவர் விலையைக் குறைத்துக் கேட்பார். கறைமேல் சாயம் பூசி மறைக்காதீர்கள், மீண்டும் தெரியும். மேல்வீட்டுத் தரையிலிருந்து கசிந்தால் பழுதுபார்ப்பது இரு வீட்டாரின் பொறுப்பு. வீவகவின் உதவித் திட்டத்துக்குத் தகுதிபெற்றால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் சமமாகப் பகிர்வார்கள். மேல்வீட்டாரின் ஒத்துழைப்பு தேவை என்பதால் இதைச் சீக்கிரமே தொடங்குங்கள்.

அடுத்து, அனுமதியின்றிச் செய்த வேலைகள். விற்பனை நடைமுறையின்போது வீவக வீட்டைச் சோதிக்கும். அனுமதி இல்லாமல் சுவரை இடித்திருந்தால் அதைச் சரிசெய்யச் சொல்லலாம். கடைசி நேரத்தில் அது பெரிய தலைவலி.

மற்றபடி சுவருக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறச் சாயம், எரியாத விளக்குகள், இறுகிப்போன சன்னல், ஒழுகும் குழாய், கதவுப் பிடி... இவை போதும். வேண்டாத பொருள்களை அகற்றினாலே வீடு பெரிதாகத் தெரியும். அதற்குக் காசும் தேவையில்லை.

கழிவறையைப் புதுப்பிக்கலாமா?

உங்கள் புளோக்குக்கு இல்ல மேம்பாட்டுத் திட்டம் வரப்போகிறதா என்று பாருங்கள். அதன்கீழ் கழிவறையை மேம்படுத்தச் சிங்கப்பூரர்கள் வீட்டு வகையைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு மட்டுமே கட்டுகின்றனர். அறிவிப்பு வந்திருந்தால் சொந்தப் பணத்தில் இடிக்கத் தொடங்காதீர்கள்.

யார் வாங்கமுடியும்?

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புளோக்கில் சீனர்களுக்கான இன விகிதாசாரம் நிரம்பியிருந்தால் இந்தியக் குடும்பம் சீனருக்கு வீட்டை விற்கமுடியாது. வாங்க வருவோர் குறைவு என்றால் மதிப்புக்கு மேல் ரொக்கம் கேட்பதும் கடினம். வீவக இணையத்தளத்தில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு குத்தகையாளரைக் கூப்பிடுங்கள்.