ஒட்டுக்கன்றும் செருகுநிரலும்

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு ஒட்டுக்கட்டுதல் புதிய செய்தி அன்று. விதையில் முளைத்த கன்றின் பட்டையைத் திறந்து, நன்றாகப் பால் தரும் மரத்தின் மொட்டு ஒன்றை உள்ளே வைத்துக் கட்டுவார்கள். வேர் ஒன்றுடையது, பாலின் வளம் மற்றொன்றுடையது. கணினி உலகிலும் இப்படி ஓர் ஒட்டுமுறை உண்டு. அதன் வரலாற்றை இன்று பார்ப்போம்.

1985-இல் கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அந்நாளில் கணினிக்குத் தமிழ் தெரியாது. எழுத்துருவிலிருந்து விசைப்பலகை வரை அனைத்தையும் தொடக்கத்திலிருந்தே அமைக்க வேண்டியிருந்தது.

பின்னர் 1998-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் மூலநிரலை எல்லார்க்கும் திறந்துவிட்டது. அவ்வழியில் வளர்ந்த பயர்பாக்ஸ் 2004 நவம்பரில் வெளிவந்தது. இதில் புது வசதி வேண்டுவோர் முழு மென்பொருளையும் எழுத வேண்டியதில்லை; வேண்டியதை மட்டும் எழுதி ஒட்டினால் போதும். அந்த ஒட்டுக்குத்தான் செருகுநிரல் என்று பெயர். உலாவிக்குள்ளேயே தமிழில் எழுத உதவிய ‘தமிழ்விசை’ அத்தகையது.

இதை எப்படிக் கட்டுகிறார்கள்? கோப்புகளை எல்லாம் சுருக்கி ஒரே பொதியாக்குகிறார்கள். உள்ளே ஒரு விவரச்சீட்டு இருக்கும். பெயர் என்ன, எத்தனையாம் பதிப்பு, எவற்றைத் தொட அனுமதி வேண்டும் என்பன அதில் உண்டு. பிறகு பொதி மொசில்லாவிடம் போகிறது. 2016 முதல் அவர்களுடைய கையொப்பம் பெறாத செருகுநிரலை வழக்கமான பயர்பாக்ஸ் ஏற்பதில்லை. காரணம் எளிது: நாம் தட்டும் எழுத்தையெல்லாம் பார்க்கக்கூடிய ஒன்றை யாரென்று அறியாமல் வீட்டுக்குள் விடலாமா?

2017 நவம்பரில் பயர்பாக்ஸின் 57-ஆம் பதிப்பு வந்தது. அதில் வேரே மாறியது. பழைய முறையில் கட்டிய செருகுநிரல்கள் ஒரே நாளில் செயலிழந்தன. ஆக்கியவர்கள் இருந்து புதுமுறையில் மீண்டும் கட்டியவை பிழைத்தன, கேட்பாரற்றவை பட்டுப்போயின.

இதில் நமக்கும் பாடம் உண்டு. ஒட்டு ஒருமுறை கட்டிவிட்டால் முடிகிற வேலை அன்று, கண்காணிப்பவர் வேண்டும். மூலநிரல் திறந்தே கிடக்கிறது. கற்கக் கட்டணமும் இல்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ படிக்கும் நம் வீட்டுப் பிள்ளையும் அதைத் திறந்து பார்க்கலாம், பழுது நீக்கலாம், தன் பெயரில் வெளியிடலாம். நேற்று மரம் வெட்டிய கைகளின் பிள்ளைகள் அவர்கள். தமிழுக்கு வேண்டிய ஒட்டை வேறு யாராவது கட்டித் தருவார்கள் என்று காத்திருக்கலாமா? இன்று இரவு பிள்ளைகளிடம் இதைப் பேசிப் பாருங்கள்.