விடுதலை நாளும் வெகுசன நினைவும்: மேற்கிந்தியத் தீவுகளின் ஓகஸ்ட் முதலாம் நாள் பற்றிய ஒரு நோக்கு

விழா என்பது ஒரு சமூகம் தன் கடந்த காலத்துக்குப் பொருள் காணும் முறைகளுள் ஒன்றாகும். எதனைக் கொண்டாடுவது, எவ்வாறு கொண்டாடுவது, யார் முன்னின்று கொண்டாடுவது என்னும் வினாக்களின் பின்னணியில் வர்க்க நலன்களும் அதிகார உறவுகளும் தொழிற்படுகின்றன. மேற்கிந்தியத் தீவுகளில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் ஓகஸ்ட் முதலாம் நாளை அடிமைத்தளை நீங்கிய நாளாகக் கொண்டாடி வருதல் இதற்குத் தக்க உதாரணமாகும். திரினிடாட், யமேக்கா ஆகிய இரு தீவுகளின் அனுபவங்களைக் கொண்டு இக்கொண்டாட்டத்தின் பண்பாட்டுப் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஓகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 800,000 மக்கள் இதனால் சட்டப்படி அடிமை நிலையினின்று நீங்கினர். ஆயினும் அவர்கள் உடனடியாகச் சுதந்திர மனிதராகவில்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நீங்கலாக ஏனையோர் ‘பயிலுநர்’ என்னும் புதுப்பெயரில் பழைய எசமானருக்கே வாரத்தின் பெரும்பகுதியை ஊதியமின்றி உழைக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். தோட்டங்களில் உழைத்தோருக்கு இக்காலம் ஆறு ஆண்டுகள் என விதிக்கப்பட்டது. அடிமைகளை ‘இழந்த’ உடைமையாளருக்கு 20 மில்லியன் பவுண் நட்டஈடு ஒதுக்கப்பட்டது. உழைத்தவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளில் போட் ஒவ் ஸ்பெயின் நகரில் தேசாதிபதியின் மாளிகை முன் மக்கள் திரண்டு, ஆறாண்டுப் பயிலுநர் முறையை ஏற்க மறுத்து முழக்கமிட்டனர். முதலாவது விடுதலை நாள் எதிர்ப்பு நாளாகவே விடிந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அத்தீவுகளில் நிலவிய எதிர்ப்பும் பிரித்தானியாவில் எழுந்த இயக்கமும் ஒருங்கே நெருக்கியமையால், பயிலுநர் முறை 1838 ஓகஸ்ட் 1இல் முடிவுக்கு வந்தது.

அந்நாள் தொட்டு விடுதலை பற்றிய இருவேறு நினைவுகள் அருகருகே வளரலாயின. ஒன்று, விடுதலையை மேலிருந்து அருளப்பட்ட கொடையாகக் கண்டது. தேவாலய வழிபாடுகளும் மகாராணிக்கு நன்றி கூறும் உரைகளும் இதன் வெளிப்பாடுகள். 1838 யூலை 31 நள்ளிரவில் யமேக்காவின் பால்மத் நகரில் வில்லியம் நிப் என்னும் கிறிஸ்தவப் போதகரின் சபையினர் விலங்குகளையும் சவுக்கையும் சவப்பெட்டியிலிட்டுப் புதைத்தனர். அடிமைத்தனம் செத்தது என்பதைக் கண்முன் நிறுத்திய உணர்ச்சிமிக்க சடங்கு அது. ஆயின் அச்சபைகளினின்றே வேறொரு மரபும் தோன்றியிருந்தது. அதே திருச்சபையைச் சார்ந்த சாம் ஷார்ப் என்னும் அடிமை 1831 டிசெம்பரில் தொடக்கிய வேலைநிறுத்தம் பெருங்கிளர்ச்சியாக மூண்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஷார்ப் 1832 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே பாராளுமன்றம் சட்டத்தை இயற்றியது. அடிமை முறையின் வீழ்ச்சியை மனிதாபிமானிகளின் அறவுணர்வு ஒன்றால் மாத்திரம் விளக்கவியலாது எனவும் முதலாளித்துவ வளர்ச்சியின் பொருளாதாரத் தேவைகளே அதில் முதன்மை பெற்றன எனவும் எரிக் வில்லியம்ஸ் 1944இல் வெளியான ‘முதலாளித்துவமும் அடிமைமுறையும்’ என்னும் நூலில் வாதித்தார். அவ்விளக்கத்தோடு அடிமைகளின் போராட்டத்தையும் சேர்த்து நோக்கும்போது ‘கொடை’ என்னும் கருத்து நிலைகுலைகின்றது.

போராடிப் பெற்ற விடுதலை என்னும் நினைவைத் திரினிடாட்டின் ‘கன்புலே’ ஊர்வலத்தில் தெளிவாகக் காணலாம். எரியும் கரும்பு எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரினின்று இப்பெயர் பிறந்தது. கரும்புத் தோட்டத்தில் தீப்பற்றினால் அயல் தோட்டங்களின் அடிமைகளும் சவுக்கடியுடன் இரவோடிரவாக விரட்டப்பட்டு, தீப்பந்த ஒளியில் கரும்பை வெட்டிக் காக்கும்படி ஏவப்பட்டனர். அடிமை முறை நிலவிய காலத்தில் தோட்டத் துரைமார் தம் களியாட்ட விழாவில் இக்காட்சியை வேடிக்கையாக நடித்து மகிழ்ந்தனர். விடுதலையின் பின்னர் அவ்வேடத்தை விடுதலை பெற்றோரே கைக்கொண்டனர். பந்தமும் தடியும் பறையும் தாங்கி ஓகஸ்ட் முதலாம் நாளில் நடத்தப்பட்ட ஊர்வலம் பின்னர் களியாட்ட விழாவின் நள்ளிரவுக்கு மாறியது. தம்மை வதைத்த இரவையே ஒரு மக்கள் கூட்டம் விழாவாக்கியது ஏன்? துயரம் தமதாயின் அதனைச் சொல்லும் உரிமையும் தமதே என நிலைநாட்டுவதற்கே எனலாம். துரைமாரின் நகைப்புக்குரியதாயிருந்த வேடம், அதனை அனுபவித்தோர் கையில் குற்றச்சாட்டாகியது.

குடியேற்ற ஆட்சியாளரும் இதனை உணர்ந்திருந்தனர். 1881இல் கப்டன் பேக்கர் தலைமையிலான பொலிசார் பந்தங்களைப் பறிக்க முற்பட்டபோது போட் ஒவ் ஸ்பெயின் வீதிகளில் கடும் மோதல் மூண்டது. 1884இல் கன்புலே சட்டத்தால் அடக்கப்பட்டது. பறைக்கும் தடை வந்தபோது மக்கள் மூங்கிற் குழாய்களை நிலத்தில் மோதி ஒலியெழுப்பினர். 1930களிலும் 1940களிலும் தகரப் பேணிகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் இசைக்கருவிகளாயின. இன்று உலகறிந்த உருக்குப் பறையின் பிறப்பில் இத்தடைகளின் வரலாறும் அடங்கியுள்ளது.

தமிழர் இவ்வரலாற்றுக்கு முற்றிலும் அந்நியரல்லர். விடுதலை பெற்றோர் கூலி பேசத் தொடங்கியதும், அவர்தம் பேரம் பேசும் வலுவை முறிக்கத் தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினர். 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 144,000 பேர் திரினிடாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றப்பட்ட தமிழரும் அவர்களுள் அடங்குவர். ஒருவரின் விடுதலை மற்றவரின் ஒப்பந்தத் தளைக்குக் காரணமாக்கப்பட்டது. இரு சாராரிடையே பகைமையும் விதைக்கப்பட்டது. ஆயினும் கன்புலே அடக்கப்பட்ட அதே 1884இல், ஒக்டோபர் மாதம், இந்தியத் தொழிலாளர் சன் பெர்னாண்டோ நகருள் கொண்டுவந்த முகரம் ஊர்வலங்களின்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டுப் பலர் மாண்டனர். உழைப்போர் எம்மொழி பேசினும், வீதியில் ஒன்றுகூடி நிற்பதை ஆட்சி பொறுக்கவில்லை.

சுதந்திரத்தின் பின்னரும் இந்நாளின் பொருள் பற்றிய போராட்டம் ஓயவில்லை. 1962இல் யமேக்கா சுதந்திரம் பெற்றபோது விடுதலை நாள் பொது விடுமுறையாக இல்லாதொழிந்து, சுதந்திர நாள் அவ்விடத்தைப் பெற்றது; 1997இலேயே அது மீட்கப்பட்டது. திரினிடாட்டில் 1498இல் கொலம்பஸ் வந்ததை நினைவுகூர்ந்த விடுமுறை 1985இல் நீக்கப்பட்டு விடுதலை நாள் இடம்பெற்றது. 1970இன் கறுப்பின எழுச்சி ஊட்டிய தன்மான உணர்வினின்று இம்மாற்றத்தைப் பிரித்து நோக்கவியலாது.

அரசு அங்கீகரித்த விழா எளிதிற் சடங்காகிவிடும் என்னும் ஐயம் நியாயமானதே. வண்ண ஆடைகளும் அமைச்சர்களின் உரைகளும் பழைய நன்றியுரைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எனினும் ஒரு கணக்கு இன்னும் தீர்க்கப்படாதிருக்கின்றது. உடைமையாளரின் நட்டஈட்டுக்காகப் பிரித்தானியா பெற்ற கடனின் இறுதிப் பகுதி 2015இலேயே அடைக்கப்பட்டது. உழைத்தோரின் வழித்தோன்றல்களுக்குரிய ஈடு பற்றிக் கரிபிய நாடுகள் 2013 முதல் ஒன்றிணைந்து எழுப்பிவரும் கோரிக்கை விடை காணவில்லை. கன்புலேயின் பந்தம் ஏந்தியோர் விடுதலைக்காக எவருக்கும் நன்றி கூறவில்லை. தமக்கு இழைக்கப்பட்டதை வீதியில் வைத்து எடுத்துரைத்தனர். அக்குரல் ஒலிக்கும் வரையில் ஓகஸ்ட் முதலாம் நாள் கடந்த காலத்தின் நினைவுநாள் மட்டுமன்று. முடிவுறாத வழக்கொன்று ஆண்டுதோறும் விசாரணைக்கு எடுக்கப்படும் நாளுமாகும்.