ஒரு பகிடியின் பெயரில் ஒரு சட்டம்

"ஜிம் குரோ எண்டது ஆர்? சட்டம் எழுதின ஆளா?"

அமெரிக்க வரலாறு பற்றிய விரிவுரை ஒன்றில், கடைசி வாங்கில இருந்து ஒரு நண்பன் மெதுவாகக் கேட்ட கேள்வி இது. எனக்கும் தெரியாது. 'ஜிம் குரோ சட்டங்கள்' எண்டு நோட்ஸில எழுதி, சோதினைக்குப் பாடமாக்கி வைச்சிருந்தேனே தவிர, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை. பிறகு தேடி வாசித்தபோதுதான் தெரிந்தது, அது ஒரு மேடைப் பாத்திரத்தின் பெயர். சனத்தைச் சிரிக்க வைப்பதற்காக உருவான ஒரு கோமாளி.

கறுப்பின மக்களை ரயிலிலும் பள்ளிக்கூடத்திலும் தண்ணீர்க் குழாயடியிலும் பிரித்து வைத்த சட்டங்களுக்கு ஒரு கோமாளியின் பெயர் எப்படி வந்தது?

1830 அளவில் தோமஸ் டார்ட்மவுத் ரைஸ் என்ற வெள்ளையின நடிகர் ஒரு புது ஆட்டத்தைத் தொடங்கினார். போத்தல் தக்கையை எரித்து, அந்தக் கரியைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டார். கிழிந்த உடுப்புப் போட்டு, நொண்டியபடி துள்ளிச் சுழன்று ஆடினார். ஜிம் குரோ என்ற கறுப்பர் பாடுவதாக ஒரு பாட்டும் அதோடு சேர்ந்தது. 1832இல் நியூயோர்க்கின் பவரி அரங்கில் அதைப் பார்த்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு இங்கிலாந்து வரைக்கும் போய் ஆடினார்.

காலத்தைக் கவனியுங்கோ. நியூயோர்க் மாநிலத்தில் அடிமை முறை முடிவுக்கு வந்தது 1827இல். அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான் இந்த ஆட்டம். அதே நேரத்தில் நாடு முழுவதும் சுமார் 20 இலட்சம் பேர் இன்னும் அடிமைகளாக இருந்தார்கள், பெரும்பாலும் தென் மாநிலங்களில்.

1843இல் டான் எம்மெட் உட்பட நான்கு வெள்ளையர்கள் 'வேர்ஜினியா மின்ஸ்ட்ரல்ஸ்' என்ற பெயரில் இதை ஒரு முழு இரவு நிகழ்ச்சியாக்கினார்கள். மின்ஸ்ட்ரல் ஷோ என்ற வடிவம் அங்கிருந்துதான் பரவியது. கொஞ்சக் காலத்தில் அதற்கு ஒரு நிரந்தர ஒழுங்கும் வந்தது. கரி பூசிய நடிகர்கள் அரைவட்டமாக இருப்பார்கள். நடுவில் இருப்பவர் கண்ணியமாகக் கேள்வி கேட்பார். இரண்டு முனையிலும் இருக்கும் டம்போவும் போன்ஸும் அவரை மடக்கிப் பகிடி விடுவார்கள். பிறகு பாட்டு, ஆட்டம், பிழையான பெரிய பெரிய சொற்களால் நிறைந்த ஒரு நக்கல் பேச்சு. கடைசியில் ஒரு சின்ன நாடகம். வாசித்த பாஞ்சோவோ, மேற்கு ஆபிரிக்க வாத்தியங்களின் வழியில் அடிமைகள் உருவாக்கியது. அவர்களின் வாத்தியத்தை எடுத்து அவர்களையே பகிடி பண்ணினார்கள்.

பாத்திரங்களைப் பார்த்தால் இது எவ்வளவு கெட்டியான பூட்டு என்று விளங்கும். ஜிம் குரோ தோட்டத்தில் ஆடிப்பாடித் திரிகிற, கவலையே இல்லாத ஆள். சிப் கூன் நகரத்துக்கு வந்து கோட் சூட் போட்டு, தெரியாத ஆங்கிலம் பேசி மானம் கெடுகிற ஆள். 'மாமி' (எங்கட மாமி இல்லை!) எசமானின் பிள்ளைகளை வளர்ப்பதிலேயே சந்தோசம் காணும் பருத்த பெண். முதல் ஆள், அடிமையாக இருப்பதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார். இரண்டாவது ஆள், விடுதலை கொடுத்தாலும் இவர்களுக்கு வாழத் தெரியாது என்கிறார். எந்தப் பக்கம் போனாலும் கதவு பூட்டு.

சிரித்தவர்கள் எல்லாரும் அடிமைகளை வைத்திருந்த முதலாளிமார் இல்லை. இந்த நிகழ்ச்சிகள் வளர்ந்தது வட பகுதி நகரங்களில். பார்த்தவர்களில் கனபேர் வெள்ளையினத் தொழிலாளர்கள், அயர்லாந்தில் இருந்து வந்து தாங்களே இழிவாக நடத்தப்பட்ட ஏழைகள். தங்களுக்குக் கீழேயும் ஒருத்தன் இருக்கிறான் என்ற ஆறுதலை அந்த மேடை அவர்களுக்குக் கொடுத்தது.

எதிர்ப்பு அப்போதே இருந்தது. அடிமை நிலையில் இருந்து தப்பி வந்த பிரெட்ரிக் டக்ளஸ், தன் பத்திரிகையில் இந்த நடிகர்களைக் கடுமையாகத் திட்டி எழுதினார். ஆனால் 1849இல் கறுப்பர்களே நடத்திய ஒரு மின்ஸ்ட்ரல் குழுவைப் பார்த்தபோது அவருக்குத் தடுமாற்றம். அவர்களும் முகத்துக்குக் கரி பூசியிருந்தார்கள். வெள்ளையர் முன் கறுப்பர் மேடை ஏறுவதே ஒரு முன்னேற்றம், ஆனால் தங்கள் இனத்தைக் கேலிச்சித்திரமாக்கக் கூடாது என்ற கருத்தில் எழுதினார்.

அந்தச் சிக்கலை வாழ்ந்து காட்டியவர் பேர்ட் வில்லியம்ஸ். 1874இல் பஹாமாஸில் பிறந்த கறுப்பினக் கலைஞர். மேடைக்கு வரும்போது அவரும் கரி பூசினார். ஒரு கறுப்பர் கறுப்பராக நடிக்க முகத்தில் கறுப்புப் பூச வேண்டியிருந்தது! 1903இல் அவரும் ஜோர்ஜ் வோக்கரும் நடித்த 'இன் டஹோமி', கறுப்பர்களே எழுதி நடித்து பிரோட்வேயின் பெரிய அரங்கொன்றில் ஏறிய முதல் முழுநீள இசை நாடகம். 1910இல் சீக்ஃபெல்ட் ஃபொலீஸ் என்ற புகழ்பெற்ற வெள்ளையர் நிகழ்ச்சியிலும் சேர்ந்தார். அவ்வளவு புகழுக்குப் பிறகும் கரி போகவில்லை. கறுப்பராக இருப்பதில் வெட்கப்பட எதையும் தான் காணவில்லை, ஆனால் அமெரிக்காவில் அது அடிக்கடி வசதியீனமாக இருந்தது என்ற பொருளில் 1918இல் அவர் எழுதினார். சிரிக்க வைக்கும் ஆள் எழுதிய வசனம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடிமை முறை 1865இல் ஒழிந்த பிறகு, தென் மாநிலங்கள் கறுப்பரைப் பிரித்து வைக்கும் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தன. 1896இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. அந்தச் சட்டங்களுக்குப் பெயர் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. மேடை அதை எப்போதோ தந்துவிட்டது.

பிறகு கரி திரைக்கு வந்தது. 1915இல் 'த பேர்த் ஒஃப் எ நேஷன்' படத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் கறுப்பரைக் காமுகர்களாகக் காட்டினார்கள். அதே வருடம் கூ க்ளக்ஸ் கிளான் மீண்டும் உயிர் பெற்றது. 1927இல் 'த ஜாஸ் சிங்கர்' படத்தில் அல் ஜோல்சன் கரி பூசிய முகத்தோடு பாடினார். கரி இல்லாத இடத்திலும் பாத்திரம் இருந்தது. 1940இல் ஒஸ்கார் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஹட்டி மக்டானியல். 'கோன் வித் த விண்ட்' படத்தில் அவருக்குக் கிடைத்த பாத்திரத்தின் பெயர் மாமி. விருது விழாவில் அவரைச் சக நடிகர்களோடு இருத்தவில்லை. தனி மேசைதான்.

1964இல் குடிசார் உரிமைகள் சட்டம் ஜிம் குரோ முறையைச் சட்டவிரோதமாக்கியது. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் பிபிசி, 'த பிளாக் அண்ட் வைட் மின்ஸ்ட்ரல் ஷோ' என்ற கரி பூசிய நிகழ்ச்சியை 1978 வரைக்கும் ஒளிபரப்பியது. சட்டத்துக்கு முன்பு வந்த பகிடி, சட்டம் போன பிறகும் 14 வருடம் தொலைக்காட்சியில் இருந்தது. நிறுத்தச் சொல்லி 1967இல் மனுக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பதில்களில் ஒன்று, இது சாதாரண குடும்பப் பொழுதுபோக்கு என்பதுதான்.

"சும்மா பகிடிக்குத்தானே." எங்கட கம்பஸ் வாழ்க்கையில இந்த வசனத்தைக் கேக்காத ஆள் இருக்கேலாது. 'பகிடிவதை' எண்டு ஒரே சொல்லில பகிடியையும் வதையையும் சேர்த்து வைச்சிருக்கிற மொழி எங்கட மொழி. முகத்தில கரி பூசுறது மட்டும்தான் பிழை எண்டு நினைச்சால், பூச்சைக் கழுவினதோட கதை முடிஞ்சிருக்கும். ஒருத்தரைப் பார்த்து ஊரே சிரிக்கும்போது, அந்த ஆளின்ர முகம் எப்படி இருக்குது எண்டு பார்க்கவேணும். பேர்ட் வில்லியம்ஸின் மேக்கப் இல்லாத படங்கள் இணையத்தில இருக்கு. ஒருக்கா தேடிப் பாருங்கோ.