வாட்சன் ஹோட்டல்: தாமதமாக எழுதும் இரங்கல்

மும்பையின் கோட்டைப் பகுதியில், காளா கோடாவில், செஷன்ஸ் நீதிமன்றத்தை ஒட்டி ஓர் இரும்புக் கட்டடம் நிற்கிறது. எஸ்பிளனேட் மேன்ஷன் என்பது அதன் இன்றைய பெயர். பிறந்தபோது வாட்சன்ஸ் எஸ்பிளனேட் ஹோட்டல். கட்டடம் நின்றாலும் அதற்குள் நடந்த ஹோட்டல் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அந்தக் கட்டடத்தை இடிப்பதா, செப்பனிட்டு மீண்டும் வாழவைப்பதா என்ற பேச்சு நீதிமன்றம் வரை போய் வந்த இந்தக் காலத்தில், போனது என்ன என்பதை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே பேசுவது நம் வழக்கம். இங்கே அந்த வழக்கத்தைப் பின்பற்ற முடியாது. வாட்சன் ஹோட்டலின் பெருமையும் குறையும் ஒரே வாசலில் இருந்தன.

பிறந்த காலத்திலிருந்து தொடங்குகிறேன். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றுபோக, பம்பாய்ப் பருத்திக்கு விலை ஏறியது. ஊரில் பணம் புரண்டது. ஆளுநர் பார்ட்டில் ஃப்ரியர் காலத்தில் பழைய கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. மதிலுக்கு வெளியே எஸ்பிளனேட் என்று வெற்றுத் திடலாகக் கிடந்த நிலத்தின் ஓரங்கள் மனைகளாக ஏலத்துக்கு வந்தன. ஜான் வாட்சன் என்ற ஆங்கிலேயத் துணி வணிகர் 1864இல் அங்கே மனை எடுத்தார். மறு ஆண்டே போர் முடிந்தது, பருத்தி விலை விழுந்தது, பம்பாயின் வங்கிகளும் பங்குக் கம்பெனிகளும் வரிசையாகக் கவிழ்ந்தன. வாட்சன் தன் திட்டத்தைக் கைவிடவில்லை. 1867இல் வேலை தொடங்கி 1871இல் ஹோட்டல் திறந்தது.

அவர் கட்டிய விதம்தான் இன்றும் பொறியாளர்களை அங்கே அழைத்து வருகிறது. வரைந்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். லண்டன் கிறிஸ்டல் பேலஸின் இரும்பு வேலையிலும் செயின்ட் பேங்க்ராஸ் ரயில் நிலையத்தின் பிரம்மாண்டக் கூரையிலும் பங்கெடுத்தவர். சிங்கப்பூர் ஆற்றின் மேல் 1869இல் எழுந்த கேவனா பாலத்திலும் அவர் கை உண்டு. வாட்சன் ஹோட்டலின் இரும்புத் தூண்களும் உத்தரங்களும் இங்கிலாந்திலேயே வார்க்கப்பட்டு, கப்பலில் துண்டு துண்டாக வந்து, பம்பாயில் பூட்டப்பட்டன. சுவர்கள் எடையைத் தாங்கவில்லை. ஐந்து மாடியின் பாரம் முழுவதும் இரும்புச் சட்டகத்தின் மேல் இறங்கியது. செங்கல் இடைவெளியை நிரப்ப மட்டும் வந்தது. இன்று நம் ஊர்களில் எழும் பெரும்பாலான அடுக்குமாடிகள் இந்தக் கொள்கையில்தான் நிற்கின்றன, இரும்புக்குப் பதில் கான்கிரீட்டில். வானளாவிகளின் தொடக்கமாகப் பாடநூல்கள் காட்டும் சிகாகோவின் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் 1885இல்தான் முடிந்தது. அதை 1931இல் இடித்தும் விட்டார்கள். அதற்கும் மூத்த பம்பாய்க் கட்டடம் இன்றும் கண்முன் இருக்கிறது. மனிதர் தங்குவதற்காக இப்படி எழுந்த பல மாடி இரும்புக் கட்டடங்களில் உலகத்திலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று இது.

உள்ளே ஏறத்தாழ 130 அறைகள். நடுவில் 30 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட முற்றம், அதன் மேல் கண்ணாடிக் கூரை. அங்கேதான் நடன விருந்துகள் நடந்தன. ஒவ்வொரு மாடியிலும் தெருவைப் பார்த்து அகலமான பால்கனி ஓடியது. வெயிலும் மழையும் நேராக அறைக்குள் வராமல் காத்து, கடற்காற்றை மட்டும் உள்ளே விட்டது அந்தப் பால்கனி. கீழே உணவுக்கூடமும் மதுக்கூடமும் இருந்தன. பரிமாறுவதற்கு இங்கிலாந்திலிருந்து பெண்களை வரவழைத்தார்கள். கப்பலை விட்டு இறங்கும் ஐரோப்பியர் கிழக்கில் கால் வைத்ததை மறந்து இளைப்பாற வேண்டும் என்பதே ஹோட்டலின் கொள்கை. அந்த வாசலில் இந்தியர்கள் விருந்தினராக நுழைய முடியாது. சுமை தூக்கவும் கதவு துடைக்கவும் மட்டும் நுழையலாம்.

1896 ஜனவரியில் மார்க் ட்வைன் அங்கே தங்கினார். கடனை அடைப்பதற்காக உலகம் சுற்றிச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்த நேரம் அது. இருமல் வாட்டியதால் பெரும்பாலும் அறையிலேயே இருந்தார். பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்து தன்னை விமர்சித்த பம்பாய்க் காக்கைகளைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் புகழ்பெற்றவை. அதே பயணநூலில் இன்னொரு காட்சியும் இருக்கிறது. பால்கனிக் கதவு ஒன்றைச் சரிபார்க்க இந்தியப் பணியாள் ஒருவர் மண்டியிட்டு வேலை செய்கிறார். கூட வந்த ஜெர்மானியர் என்ன குறை என்று சொல்வதற்கு முன்பே அவர் கன்னத்தில் அறைகிறார். அறை வாங்கியவர் ஒன்றும் பேசாமல் வேலையைத் தொடர்கிறார். அதைப் பார்த்த ட்வைனுக்கு ஐம்பது ஆண்டுகள் பின்னால் போய்விட்டது மனம். அடிமைகள் இருந்த மிசௌரி ஊரும், அங்கே அடிமைகளை அடிப்பது இயல்பாக இருந்த தன் சிறுவயதும் நினைவுக்கு வந்தன. வாட்சன் ஹோட்டலின் வரலாற்றில் அந்தப் பணியாளுக்குப் பெயர் இல்லை. ஆனாலும் அங்கே தங்கிய கனவான்கள் எத்தனை பேரை நான் மறந்தாலும், மண்டியிட்டிருந்த அவரை மறக்க மாட்டேன்.

அதே ஆண்டு ஜூலை 7ஆம் தேதி இந்த ஹோட்டலில் நடந்ததுதான் அதன் பெயரை நிலைநிறுத்தியது. லூமியே சகோதரர்களின் ஆள் மாரியஸ் செஸ்டியே ஆஸ்திரேலியா போகும் வழியில் பம்பாயில் இறங்கி, இந்தியாவில் முதன்முதலாகச் சலனப்படத்தை வாட்சன் ஹோட்டலில் காட்டினார். நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். ஆறு சிறு படங்கள். ரயில் நிலையத்துக்குள் வரும் ரயில், தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் தொழிலாளர்கள், கடல் குளியல், இடித்துத் தள்ளப்படும் ஒரு சுவர் ஆகியவை அவற்றுள் இருந்தன. பார்த்தவர்கள் ஐரோப்பியர்கள். ஒரு வாரம் கழித்து, ஜூலை 14 முதல், காட்சிகள் நாவல்டி தியேட்டருக்கு மாறின. அங்கே நாலணாவுக்கும் இருக்கை கிடைத்தது. பம்பாயில் நடந்த இந்தக் காட்சிகளைப் பார்த்துச் சொக்கியவர்களில் ஒருவர் புகைப்படக்காரர் ஹரிச்சந்திர சக்காராம் பட்வடேகர். அவரே சொந்தமாகக் கேமரா தருவித்து, படமெடுத்த முதல் இந்தியர்களில் ஒருவரானார். 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். சினிமா இந்த நாட்டில் வளர்ந்தது நாலணாக்காரர் உள்ளே வர முடிந்த இடங்களில். அது முதலில் இறங்கிய வாசல் அவருக்குத் திறக்கவே இல்லை.

ஜாம்ஷெட்ஜி டாடாவை வாட்சன் ஹோட்டலில் தடுத்ததால்தான் அவர் தாஜ்மஹால் ஹோட்டலைக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை, அது ஐதீகமாகவே இருக்கட்டும். ஆனால் இந்தக் கதையை ஊரே நம்புவதற்குக் காரணம், அந்த வாசலைப் பற்றி ஊருக்குத் தெரிந்திருந்ததுதான். 1903 டிசம்பரில் அப்போலோ பந்தருக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்துத் தாஜ் திறந்தது. மின்விளக்கும் புதிய வசதிகளும் கொண்டு, இந்தியர்களையும் விருந்தினராக ஏற்றது. வாட்சன் ஹோட்டலின் கூட்டம் மெல்ல அங்கே நகர்ந்தது.

அதன் பிறகு நீண்ட நலிவு. ஹோட்டல் கைமாறி மஹேந்திரா மேன்ஷன் ஆனது, பிறகு எஸ்பிளனேட் மேன்ஷன். அறைகள் தடுக்கப்பட்டன, தடுப்புகளுக்குள் மேலும் தடுப்புகள் வந்தன. ஆனால் இந்தப் பிற்பகுதியை வெறும் சீரழிவு என்று ஒதுக்க நான் தயாரில்லை. பக்கத்தில் நீதிமன்றங்கள் இருந்ததால் வக்கீல்கள் அங்கே அறை எடுத்தார்கள். தட்டச்சர்கள், நோட்டரிகள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள், கீழ்த்தளத்தில் தேநீரும் பன்னும் விற்ற உணவகம், மேலே குடித்தனங்கள் என்று ஒரு சின்ன ஊரே உள்ளே நடந்தது. கனவான்களுக்கு மட்டும் இருந்த படிக்கட்டில் வழக்குக்காரர்களும் குமாஸ்தாக்களும் ஏறி இறங்கினார்கள். முதல்முறையாக அந்தக் கட்டடம் ஊருக்குச் சொந்தமானதுபோல் இருந்தது அப்போதுதான்.

கட்டடத்தைப் பராமரிக்கத்தான் யாரும் இல்லை. 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம் பழைய வாடகையை உறையவைத்தது. குடியிருப்பவருக்கு அது பெரிய பாதுகாப்பு. உரிமையாளருக்கோ பழுதுபார்க்க மனமும் இல்லை, வருமானமும் இல்லை. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க அரசு வரி வசூலித்து, வாரியம் அமைத்துப் பார்த்தது. ஆனால் தென்மும்பையில் அப்படிப்பட்ட கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இரும்புக்கோ வேறு பகை. வார்ப்பிரும்பு மேலிருந்து அழுத்தும் பாரத்தை எளிதில் தாங்கும், இழுத்தால் ஒடிந்துவிடும். அதன் மேல் கூடுதல் தளங்களும் தண்ணீர்த் தொட்டிகளும் கழிவறைகளும் ஏறின. கூரை ஒழுகியது. நாலு மாத மழையும் உப்புக்காற்றும் இணைப்புகளுக்குள் துருவாகப் புகுந்தன.

2005 ஜூனில் உலக நினைவுச்சின்ன நிதியம் அழியும் ஆபத்திலுள்ள நூறு இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அடுத்த மாதமே பால்கனியின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒருவர் இறந்தார். பாரம்பரியக் கட்டடம் என்ற தகுதி அதற்கு ஏற்கெனவே இருந்தது, அது யாரையும் காப்பாற்றவில்லை. 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். மகாராஷ்டிர வீட்டுவசதி ஆணையமான மகாடாவிடம் பம்பாய் ஐ.ஐ.டி. தந்த அறிக்கை, பழுதுபார்க்கும் நிலையைக் கடந்துவிட்டது, இடிப்பதே வழி என்றது. பாரம்பரியப் பாதுகாப்பு வல்லுநர்கள் அதை ஏற்கவில்லை. செப்பனிட முடியும் என்று வாதிட்டார்கள்.

நான் அவர்கள் பக்கம். துண்டு துண்டாக வந்து பூட்டப்பட்ட சட்டகம் இது. கெட்ட துண்டைக் கழற்றிப் புதிய துண்டை வைப்பது அதன் பிறப்பிலேயே உள்ள முறை. செலவு அதிகம், காலமும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் இடித்துவிட்டு அதே தோற்றத்தில் கான்கிரீட்டில் கட்டுவது புத்துயிர் ஆகாது. ஆர்டிஷின் சட்டகம்தான் இந்தக் கட்டடத்தின் பெருமை முழுவதும். அதைக் கொடுத்துவிட்டு முகப்பை மட்டும் வைத்துக்கொண்டால் கையில் மிஞ்சுவது ஒரு படம்.

இறந்த ஹோட்டல்கள் எழுந்த முன்னுதாரணம் இந்தியாவிலேயே இருக்கிறது. 1840களின் தொடக்கத்தில் டேவிட் வில்சன் கல்கத்தாவில் நிறுவிய கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல், அரசின் கையில் நொடித்து 2005இல் மூடப்பட்டது. விற்கப்பட்டு, நீண்ட வேலைகளுக்குப் பின் 2013இல் மீண்டும் திறந்தது. பழைய கட்டடத்தில் விளக்கு எரிவதைப் பார்ப்பது மகிழ்ச்சிதான். வாட்சன் ஹோட்டலுக்கும் யாராவது அப்படி ஒரு பெருநிறுவனம் வரலாம், வந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு மட்டுமே. பணம் வரட்டும், மேல்மாடிகளில் அறைகள் வரட்டும். ஆனால் நட்சத்திர ஹோட்டலின் காவலாளி பழைய வாசலில் போய் நின்றால், 1871இன் விதி வேறு சீருடையில் திரும்பிவிடும். முன்பு தோலைப் பார்த்து நிறுத்தியது, இனி செருப்பைப் பார்த்து நிறுத்தும்.

மும்பை இந்தக் கேள்விக்கு அதே தெருவில் ஒரு விடை தந்திருக்கிறது. காளா கோடாவுக்குப் பெயர் தந்தது, கறுப்புக் குதிரை மேல் அமர்ந்திருந்த ஏழாம் எட்வர்டின் சிலை. 1965இல் அதை அகற்றி பைகுல்லா உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். 2017இல் அந்த இடத்துக்கு ஒரு கறுப்புக் குதிரை திரும்பி வந்தது. அதன் மேல் ராஜா இல்லை. எதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதில் அந்த ஊருக்கு இருந்த தெளிவு அது.

அந்தத் தெளிவை இந்தக் கட்டடத்துக்கும் கேட்கிறேன். கண்ணாடிக் கூரையின் கீழுள்ள முற்றம் பொது இடமாக வேண்டும். இந்தியாவில் முதல் படம் ஓடிய வளாகத்தில் எந்த நாளும் யாரும் வந்து படம் பார்க்கும்படி ஒரு திரை வேண்டும், நாலணாவுக்கு இன்று சமமான கட்டணத்தில். 2019இல் வெளியேறிய குடித்தனங்களுக்கும் சிறு கடைகளுக்கும் திரும்பி வரும் உரிமையோ உரிய ஈடோ எழுத்தில் வேண்டும். பால்கனிக் கதவருகே அறை வாங்கியவரின் கதை, ட்வைன் தங்கினார் என்ற பெருமைப் பலகையிலேயே எழுதப்பட வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால், அடுத்த பருவமழைக்குள் கூரையை மூடித் துருவை நிறுத்த வேண்டும். வழக்கு முடியும்வரை இரும்பு காத்திருக்காது.

வாட்சன் ஹோட்டல் போய்விட்டது. அந்த ஹோட்டல் அப்படியே திரும்ப வேண்டாம். அதன் கட்டடம் பிழைக்கட்டும். எந்தப் பெயர்ப்பலகையில் பிழைத்தாலும், யார் பணத்தில் பிழைத்தாலும், முற்றத்துக்குள் வருகிறவரிடம் அறை எடுத்திருக்கிறீர்களா என்று யாரும் கேட்கக் கூடாது.