கண்மாயில் பிறந்த கவசக்காரன்

ஓடைப்பட்டியில் ‘டேங்க்’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள் இருக்கிறது. தெருவில் குடத்தோடு நிற்கும் பெண்கள் ‘டேங்க்ல தண்ணி ஏத்தியாச்சா?’ என்று கேட்டால், அது நாலு கால் ஊன்றி நிற்கும் மேல்நிலைத் தொட்டி. அரசின் ஆங்கிலப் பதிவேட்டில் அதே சொல் கண்மாயைக் குறிக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டு மாடியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் அண்ணன் மகன் ‘நாந்தாண்டா டேங்க், எல்லாரும் எனக்குப் பின்னாடி நில்லுங்க’ என்று கத்தும்போது அது ஓர் ஆள்.

‘டேங்க்னா என்னாடா?’ என்று ஒருநாள் கேட்டேன்.

‘அடி வாங்குறவன், சித்தப்பா.’

அந்தப் பதில் என்னை விடவில்லை. கணினி ஆட்டத்தில் எவனாவது அடி வாங்குவதற்கென்றே சேருவானா? அப்படிச் சேருகிறவனுக்கு ஏன் தண்ணீர்த் தொட்டியின் பெயர்? தேடிப்போனபோது இந்த மூன்று டேங்கும் ஒரே வாய்க்காலின் தண்ணீர் என்று தெரிந்தது.

நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வணிகம் செய்ய வந்த ஆங்கிலேயர், மழைநீரைத் தேக்கி வைக்கும் ஏரி, குளங்களைப் பார்த்து எழுதத் தொடங்கியபோது இந்தச் சொல் அவர்கள் கையில் ஏறியது. குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தேக்கத்துக்கு வழங்கிய சொல்லும், போர்ச்சுக்கீசியரின் ‘தான்கே’ என்ற சொல்லும் இதில் கலந்திருப்பதாக அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்களும் இன்றுவரை அரசின் ஆங்கிலக் கணக்கில் டேங்குகள்தான். பிறகு அந்தச் சொல் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய், இரும்புத் தொட்டிக்கும் பெயரானது.

முதல் உலகப் போரில் அதற்கு வேறொரு வேலை வந்தது. பதுங்குகுழிகளுக்கும் முள்கம்பிக்கும் நடுவில் படைகள் சிக்கிக் கிடந்த காலம். 1915-இல் சர்ச்சில் ‘தரைக்கப்பல்’ குழு ஒன்றை அமைத்தார். லிங்கன் நகரத்தில் வில்லியம் ஃபாஸ்டர் நிறுவனத்தின் பட்டறையில், பள்ளத்தைத் தாண்டி ஊர்ந்து போகும் இரும்பு வண்டி உருவானது. சேதி எதிரிக்குக் கசிந்துவிடக் கூடாது. செய்கிற தொழிலாளிகளிடமே, மெசபடோமியப் பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று சொல்லப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் ரகசியப் பெயராக ‘டேங்க்’ என்பதே நிலைத்தது. 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சில் சோம் போர்முனையில், அவை முதன்முறையாகச் சண்டைக்கு இறங்கின. ரகசியம் அன்றோடு உடைந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தண்ணீரைத் தாங்கிய சொல் குண்டைத் தாங்கத் தொடங்கியது.

ஆனால் போர் டேங்க் முட்டி மோதி முன்னேறுவதற்காகச் செய்யப்பட்டது. என் அண்ணன் மகனின் டேங்க் நின்ற இடத்தில் நிற்கிறது. இந்த மாற்றம் நடந்த இடத்தில்தான் கதையின் உயிர் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். கணினி இல்லை; தாளும் பென்சிலும் தாயக்கட்டைகளும்தான். போர்வீரன், மந்திரவாதி, குருக்கள் என மூன்றே மூன்று தொழில்கள். மந்திரவாதி ஒரு சொல்லில் எதிரிக் கூட்டத்தை எரிப்பான், ஆனால் ஒரு வெட்டுக்குத் தாங்கமாட்டான். குருக்கள் காயத்தை ஆற்றுவார். போர்வீரன் இரும்புக் கவசத்தோடு முன்னால் நிற்பான். பாதாளக் குகையின் வழி குறுகலாக இருப்பதால், முன்னால் நிற்பவனைத் தாண்டிப் பின்னால் இருப்பவனை யாரும் எளிதில் தொட முடியாது. கூட்டத்தில் அரக்கனாகப் பேசுகிறவர் ஒரு மனிதர். எவனை அடிப்பது என்று அவர் யோசித்து முடிவெடுப்பார்.

கணினிக்கு அந்த யோசனை இல்லை. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ‘மட்’ என்ற ஆட்டம்தான் பலர் ஒரே கற்பனை உலகுக்குள் இருந்து விளையாடும் வகைக்கு முன்னோடி. படம் கிடையாது, எல்லாம் எழுத்து. 1991-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்து மாணவர் ஐவர் எழுதிய டிக்குமட் அதன் வழியில் வந்தது. குகையின் குறுகல் வழி இங்கே இல்லை. ஓர் அறைக்குள் எல்லோரும் ஒன்றாக நிற்கிறார்கள், யார் முன்னால், யார் பின்னால் என்பதே கிடையாது. அப்படியானால் அரக்கன் யாரை அடிப்பான்? முதலில் சண்டைக்குப் போனவனை. அவன் சாகப்போகிறான் என்றால் போர்வீரன் ‘ரெஸ்க்யூ’ என்று தட்டச்சு செய்வான். அடி அவன் மேல் திரும்பும். நண்பனைத் தள்ளிவிட்டுத் தான் போய் நிற்பதற்கு ஒரு கட்டளை! இந்த வழியில் வந்த ஆட்டங்களில்தான், அடி வாங்கும் ஆளை ‘டேங்க்’ என்று அழைப்பது பேச்சு வழக்காக வேரூன்றியது. சில ஆட்டங்களில் திரையின் கடைசி வரியில், டேங்க் இப்போது எந்த நிலையில் இருக்கிறான் என்பது ஓடிக்கொண்டே இருக்கும். அத்தனை கண்களும் அந்த ஒரு வரியில்.

1999 மார்ச்சில் எவர்குவெஸ்ட் வந்தது. படங்களோடு, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஆடும் உலகம். டிக்குமட்டின் சாயல் அதில் அத்தனை இருந்ததால், அதன் நிரல் எதையும் எடுக்கவில்லை என்று எவர்குவெஸ்ட் நிரலாளர்கள் 2000-இல் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. அரக்கனின் மனதுக்குப் பதிலாக இங்கே ஒரு பட்டியல்: யார் மேல் எவ்வளவு வெறுப்பு என்று எண்களாக. ஓங்கி அடித்தால் எண் ஏறும். காயத்தை ஆற்றினாலும் ஏறும். பட்டியலின் தலையில் இருப்பவனை அரக்கன் அடிப்பான். டேங்குக்கு ‘டாண்ட்’ என்ற சீண்டல் உண்டு, ‘வாடா, என்னைத் தொடு பாப்போம்’ என்று வம்புக்கு இழுப்பது மாதிரி.

டேங்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் பேச்சு சூடு பிடித்தது இங்கேதான். எவர்குவெஸ்டில் வாரியர் என்ற போர்வீரனுக்கு உடம்பு இரும்பு, ஆனால் அரக்கனைத் தன் பக்கம் பிடித்து நிறுத்த வழி குறைவு. பாலடின், ஷேடோ நைட் என்ற மற்ற இரு வகை வீரர்களுக்கும் உடம்பு கொஞ்சம் மெலிவு. கையில் இருக்கும் மந்திரத்தால் ஒரு நொடியில் வெறுப்பைச் சம்பாதித்துவிடுவார்கள். பெரிய அரக்கனுக்கு வாரியர், ஆறு பேர் கூட்டத்துக்கு மற்ற இருவர் என்று பிரிந்தது. பலசாலியும் காவல்காரனும் ஒருவனே அல்ல என்று அந்த ஆட்டம் காட்டியது.

2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். மாடியில் ஓடுவது இதுதான். ஐந்து பேர் கூட்டத்தில் ஒரு டேங்க், காயம் ஆற்றும் ஒரு ஹீலர், மூன்று அடிப்பவர்கள். அடிப்பவன் பக்கத்தில் நின்றால் டேங்கின் வெறுப்பு எண்ணை 10 சதவீதம் தாண்டும்வரை பொறுப்பான் அரக்கன். எட்ட நின்றால் 30 சதவீதம்வரை. அதற்கு மேல் போனால் திரும்பி வந்து அவனை மிதிப்பான். தொடக்க ஆண்டுகளில் 40 பேர் சேர்ந்து போகும் பெரிய சண்டைகளில் வாரியரே டேங்க். கரடியாக உருமாறும் டிரூயிட்டைத் துணைக்கு வைத்துக்கொள்வார்கள். பாலடினுக்குச் சீண்டும் திறமையே கிடையாது. அது 2006 கடைசியில்தான் வந்தது. வந்த பிறகு, காலடியில் தரையை எரியவிட்டு அலை அலையாக வரும் கூட்டத்தை ஒரே ஆளாகப் பிடித்து நிறுத்தினார்கள் பாலடின்கள். 2008-இல் டெத் நைட், 2012-இல் மங்க், 2016-இல் டீமன் ஹண்டர். இன்று ஆறு வகை டேங்க்.

இந்த ஆறில் எது சிறந்தது என்ற வாக்குவாதத்தை அண்ணன் மகனும் அவன் கூட்டாளிகளும் மணிக்கணக்கில் நடத்துகிறார்கள். எண்களை அடுக்குவான். எனக்கு எண் ஏறவில்லை. அவன் ஒவ்வொன்றும் எப்படி அடி தாங்குகிறது என்று சொல்லச் சொல்ல, என் கண்ணுக்குள் வந்ததெல்லாம் கண்மாய்.

வாரியர் கரை. கேடயத்தைத் தூக்கிப் பிடித்து, வருகிற வெள்ளத்தை வெளியிலேயே தடுப்பது அவன் வேலை. கரை எப்போதும் ஒரே உயரத்தில் இருக்காது. கேடயம் தூக்கியிருக்கும் சில விநாடிகள்தான் உயரம். பெரிய அடி எப்போது வரும் என்று அறிந்து, அதற்கு முன்னால் மண்ணைப் போட்டு உயர்த்துகிறவன்தான் நல்ல வாரியர். கரடிக்குக் கேடயம் கிடையாது. அது பரந்த உள்வாய். எவ்வளவு வந்தாலும் கொள்ளும், தோலும் தடிமன். டெத் நைட் வரத்து வாய்க்காலை நம்பிய கண்மாய். மட்டம் தரைதட்டும்வரை இறங்கும், பார்ப்பவனுக்கு வயிறு கலங்கும். கடந்த 5 விநாடியில் வாங்கிய அடியில் ஒரு பங்கைத் தன் வெட்டாலேயே உயிராக மீட்டுக்கொள்வான். அடி பெரிதானால் மீட்பும் பெரிது. அதனால் அவன் ஒவ்வொரு முறையும் விளிம்புக்குப் போய்த் திரும்புகிறான்.

மங்க்தான் என்னை உலுக்கிய வகை. அவனுடைய திறமைக்கு ‘ஸ்டாகர்’ என்று பெயர். 100 பங்கு அடி விழுந்தால் அதில் ஒரு பகுதிதான் உடனே உடம்பில் இறங்கும். மிச்சத்தை உள்ளே தேக்கி, அடுத்த 10 விநாடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் மேல் விட்டுக்கொள்வான். அடி குறையவில்லை, வேகம் குறைகிறது. இது மடை அல்லாமல் வேறென்ன? மலையில் பெய்த மழை ஒரே மூச்சில் இறங்குகிறது. அப்படியே விட்டால் வயலை வாரிக்கொண்டு போகும். அதை வாங்கி வைத்து, ஒரு மாதத்துக்கு ஒரு சாண் திறந்துவிடுவதற்குத்தானே நம் முன்னோர் கண்மாய் வெட்டினார்கள். தேக்கம் அளவு மீறினால் அவனிடம் ஒரு பானம் உண்டு. குடித்தால் தேங்கியதில் பாதி கரைந்துபோகும். அது மறுகால். கலிபோர்னியாவில் உட்கார்ந்து இதை வகுத்தவர்கள் கண்மாயை நினைத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் டேங்க் என்ற சொல் நூறு ஆண்டு இரும்பாக அலைந்துவிட்டு, இந்த ஒரு வகையில் தன் பழைய தொழிலுக்கே திரும்பியிருக்கிறது.

இத்தனை நுணுக்கம் இருந்தும் டேங்காக ஆள் கிடைப்பதில்லை. 2009 டிசம்பரில், முன்பின் தெரியாத ஐவரை ஆட்டமே ஒன்றுசேர்க்கும் வசதி வந்தது. அடிக்க வருகிறவர்கள் நெடுநேரம் வரிசையில் காத்திருந்தார்கள். டேங்காக வந்தவன் உடனே உள்ளே போனான். 2011-இல் ஆள் பற்றாக்குறையான வேலைக்கு வருகிறவனுக்குப் பரிசுப் பை கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பை பெரும்பாலும் டேங்குக்கே போனது. காரணம் எளிது. அடிப்பவன் தவறினால் சண்டை கொஞ்சம் நீளும். டேங்க் விழுந்தால் அடுத்த சில நொடியில் ஐந்து பேரும் விழுவார்கள். வழி தெரிந்திருக்க வேண்டியவனும் அவன்தான்; ஏச்சு கேட்பவனும் அவன்தான்.

டேங்கே வேண்டாம் என்றும் செய்து பார்த்தார்கள். 2012-இல் வந்த கில்ட் வார்ஸ் 2, ஒவ்வொருவரும் தன்னைத் தானே காத்துக்கொள்ளட்டும் என்று இந்தப் பிரிவினையைக் கலைத்தது. 2015-இல் பத்துப் பேர் கூடிப் போகும் பெரிய சண்டைகளைச் சேர்த்தபோது, சில அரக்கர்கள் உடல்உறுதி மிகுந்தவனையே தேடி வந்து அடித்தார்கள். ஒருவன் முன்னே போய் நிற்க வேண்டியதாயிற்று.

முன்னே போய் நிற்பவன் எங்கள் பக்கத்துக்குப் புதியவன் அல்ல. வைகைக் கரையில், எங்கள் மாவட்டத்தின் ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் அங்கே தமிழ்ப் பிராமி எழுத்து பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஒன்று, ஆகோள் எனப்படும் மாடு கவரும் சண்டையில் இறந்தவனுக்கு எடுத்த கல். மாட்டுக்காக முன்னே போய் நின்றவனை நினைக்கும் வழக்கம் இந்த மண்ணில் அவ்வளவு பழசு. கல் கிடைத்ததோ செத்தவனுக்கு. மாடியில் இருக்கும் எங்கள் வீட்டு டேங்குக்கு விதி வேறு, அவன் சாகவே கூடாது. உயிரோடு நிற்பதே அவன் வேலை என்பதால் அவனுக்குக் கல்லும் இல்லை; சண்டை முடிந்ததும் மற்ற நால்வரும் யார் அதிகம் அடித்தது என்ற கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

போன வாரம் அவன் வாரியரை விட்டுவிட்டு மங்க் எடுத்தான். முதல் ராத்திரியே கூட்டத்தோடு விழுந்தான். காலையில் தோட்டத்துக்குப் போகும் வழியில், திராட்சைப் பந்தல்களைக் கடந்து வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சொன்னான்.

‘அடி தாங்குச்சு சித்தப்பா. உள்ள தேங்குனதப் பாக்காம விட்டுட்டேன். அளவு மீறிச் செவப்பு வந்துருச்சு.’

‘மறுகாலத் தெறந்துருக்கணும்.’

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, ‘கண்மாயில எவ்வளவு ஏறுனா தெறப்பாங்க?’ என்று கேட்டான். வண்டியைக் கண்மாய்க்கரைப் பக்கம் திருப்பினேன்.